விலைப்படும் வரை வெறும் வீடு: பூட்டி வைப்பதா, ஆள் வைப்பதா, வாடகைக்கு விடுவதா?

ஏலத்தில் வந்த வீடு கைக்குக் கிடைத்துவிட்டது. அடுத்து வாங்குபவர் இன்னும் கிடைக்கவில்லை. இடைப்பட்ட காலத்தில் வீட்டை என்ன செய்வது? மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் இந்தக் கேள்வியோடு வருபவர்கள் பெரும்பாலும் மூன்று வகையினர். ஏலம் கேட்க ஆளில்லாமல் வீட்டைத் தன் பெயரிலேயே எடுத்துக்கொண்ட வங்கியின் கிளை அலுவலர். குறைந்த விலைக்கு எடுத்து ஆறு மாதத்தில் கைமாற்றிவிடலாம் என்று கணக்குப் போட்ட வியாபாரி. சுவிஸிலோ லண்டனிலோ இருந்துகொண்டு ஊரிலுள்ள மைத்துனரை அனுப்பி ஏலம் கேட்பித்தவர். வெளிநாட்டில் இருப்பவர் தம்முடைய சொந்த வீட்டையே விற்பனைக்கு விட்டிருந்தாலும் கீழே வரும் கணக்குப் பெரிதாக மாறாது.

பலர் கேள்வியோடு விடையையும் கொண்டுவருகிறார்கள்: "யாராவது கஷ்டப்பட்ட குடும்பத்தைச் சும்மா இருக்க விட்டால் என்ன? அவர்களுக்கும் உதவி, வீட்டுக்கும் காவல்." இருக்கிற வழிகளில் நான் மிகவும் தயங்குவது அந்த வழிக்குத்தான். காரணம் வரும், அதற்கு முன் ஒரு நிபந்தனை.

## சாவி வந்ததா, சான்றிதழ் மட்டும் வந்ததா?

'பராத்தே' என்று எல்லோரும் சொல்லும் ஏற்பாடு, வங்கிகள் கடனை அறவிடுவதற்கான 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தில் இருக்கிறது. வழக்குப் போடாமலே, இயக்குநர் சபைத் தீர்மானம் ஒன்றின் மூலம் ஈட்டுக்கு வைத்த சொத்தை வங்கி ஏலம் விடலாம். ஏலத்தில் எடுத்தவருக்கு விற்பனைச் சான்றிதழ் கிடைக்கிறது. அது உரித்தைத் தருமே தவிர, உள்ளே இருப்பவரை எழுப்பிவிடாது. அவர் தாமாக எழும்பாவிட்டால் மாவட்ட நீதிமன்றத்தில் விண்ணப்பித்து உடைமையைப் பெற வேண்டும். இதைச் சுருக்கிவிடலாமென்று மின்சாரத்தைத் துண்டிப்பதும் பூட்டை உடைப்பதும் குற்ற வழக்கில்தான் கொண்டுபோய் விடும்.

ஆகவே இங்கே பேசுவது, வீடு ஆளில்லாமல் சட்டப்படி கைக்கு வந்த பிறகு உள்ள காலத்தைப் பற்றி. அந்த முதல் நாளில் பூட்டுகளை மாற்றுங்கள், மின்மானியையும் நீர்மானியையும் படமெடுங்கள், ஒவ்வோர் அறையையும் காணொளியாக எடுத்துக்கொள்ளுங்கள். வீடு வெறுமையாக இருக்கிறது என்று கிராம உத்தியோகத்தருக்கும் பொலிஸ் நிலையத்துக்கும் எழுத்தில் அறிவியுங்கள். பின்னால் எந்த வழியை எடுத்தாலும் இவை உதவும்.

## எதைக் கொண்டு அளப்பது?

முதலாவது, விற்கும் நாளில் வீட்டை ஆளில்லாமல் ஒப்படைக்க முடியுமா என்பது. வாங்குபவர் விலை பேசுவது காலி வீட்டுக்கு. உள்ளே ஒருவர் இருந்து அவர் எழும்ப மறுத்தால் விலை விழும் என்பதைவிட, விற்பனையே நின்றுவிடும் என்பதுதான் சரி.

இரண்டாவது, தண்ணீர். ஒக்டோபர் கடைசியில் தொடங்கி ஜனவரி வரை நிற்கும் மாரிமழை இந்தக் கரையில் ஒரு வருட மழையின் பெரும்பகுதியைக் கொட்டிவிடுகிறது. 1978 நவம்பர் 23 சூறாவளியையும் 2011 ஜனவரி வெள்ளத்தையும் கண்ட ஊர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆனால் வெறும் வீட்டைக் கெடுப்பது பெருவெள்ளத்தைவிட, ஒரு விலகிய முகட்டு ஓட்டின் வழியாக மூன்று மாதம் சொட்டும் தண்ணீர்தான்.

மூன்றாவது, பார்க்க வருபவரின் மூக்கு. கண் என்று எழுத வேண்டிய இடம்தான். ஆனால் கதவைத் திறந்தவுடன் அடிக்கும் வௌவால் நாற்றமும் மலசலகூட நாற்றமும் பல பேரங்களை வாசலிலேயே முடித்துவிடுகின்றன.

நான்காவது செலவு. இதில் பலர் கணக்கில் சேர்க்காதது தாமதத்தின் விலை. ஒரு கோடி ரூபாய் வீட்டில் முடங்கிய பணத்துக்கு வருடத்துக்கு 12 வீதம் என்று வைத்தால் மாதம் ஒரு லட்சம் போகிறது. புல் வெட்டும் கூலியில் சில ஆயிரங்களை மிச்சம் பிடித்து, அதனால் விற்பனை இரண்டு மாதம் தள்ளிப்போனால் அந்த மிச்சத்துக்கு என்ன பொருள்?

திருட்டைத் தனி அளவுகோலாக வைக்கவில்லை. பம்பியையும் செம்பு வயர்ச் சுருள்களையும் கழற்றி வேறிடத்தில் வைத்துவிட்டால் அந்தக் கவலையில் பாதி குறைந்துவிடும்.

## வழி 1: பூட்டிவிட்டு இடைக்கிடை எட்டிப் பார்ப்பது

கைக்காசு குறைவாகப் போவதும், உடைமை பற்றிய சிக்கல் அறவே இல்லாததும் இந்த வழிதான். கல்லடி, காத்தான்குடி, சாய்ந்தமருது, கல்முனை போல மதிலோடு மதில் ஒட்டிய இடங்களில், பெப்ரவரிக்கும் செப்டெம்பருக்கும் இடையில், இரண்டு மூன்று மாதத்தில் விலைப்படும் என்று தெரிந்தால் இதுவே போதும்.

மறைந்த செலவுகள் வெயிலிலேயே தொடங்கிவிடும். கச்சான் காற்று வீசும் மாதங்களில், குளியலறை வடிகுழாயின் வளைவில் நிற்கும் தண்ணீர் சில கிழமைகளில் வற்றிவிடுகிறது. நாற்றத்தையும் கரப்பானையும் தடுத்து நின்றது அந்தத் தண்ணீர்தான். பூட்டும்போது ஒவ்வொரு வடிகுழாயிலும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, மேலே ஒரு கரண்டி தேங்காய் எண்ணெய் விட்டால் வற்றுவது தாமதமாகும். ஓடாத பம்பி இறுகிவிடும். இறைக்காத கிணற்றுத் தண்ணீர் நிறம் மாறும். கடலோர வீடுகளில் உப்புக்காற்று ஜன்னல் பிணைச்சல்களையும் கூரைச் சீற்றின் ஆணிகளையும் தின்னும்; நாளாந்தம் திறந்து மூடும் வீட்டில் அது கண்ணில் படும், பூட்டிய வீட்டில் படாது.

கறையானைப் பற்றி ஒரு சொல். கதவு நிலையின் அடியிலிருந்து விரல் அகலத்துக்கு மண்கோடு ஒன்று மேலேறியிருக்கும். நகத்தால் சுரண்டினால் ஈரமண் உதிரும். உள்ளே வெள்ளைப் புள்ளிகள் ஓடும். அந்த நிலையைச் சாவியால் தட்டினால் வரும் வெற்று ஒலி, மேலே பூசிய வார்னிஷ் மட்டும்தான் மிச்சம் என்பதைச் சொல்லிவிடும். வாரத்துக்கு ஒருமுறை பார்த்திருந்தால் மண்கோட்டைத் துடைத்து மருந்தடிப்பதோடு முடிந்திருக்கும். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் தச்சரைக் கூப்பிட வேண்டும்.

இன்னொன்று நுளம்பு. டெங்கைப் பரப்பும் நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்துக்கு வர ஏழு முதல் பத்து நாள் போதும். மலசலகூடத் தண்ணீர்த்தொட்டி, மூடி வெடித்த தாங்கி, எலி கொறித்து விழுந்த குரும்பை, சிரட்டை என்று வெறும் வளவில் அதற்கு இடம் நிறைய உண்டு. நுளம்பு பெருகுவதைத் தடுக்கும் 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின்படி வளவைச் சுத்தமாக வைத்திருக்கும் கடமை உரிமையாளருக்கும் உண்டு. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வரும்போது "வீட்டில் ஆளில்லை" என்பது பதிலாகாது. எனவே 'இடைக்கிடை' என்பதை மாதத்துக்கு ஒருமுறை என்று எடுத்துக்கொள்பவர்களுக்கு இந்த வழி உதவாது.

காப்புறுதி எடுத்திருந்தால் பத்திரத்தைத் திறந்து, தொடர்ந்து ஆளில்லாத வீட்டுக்கு என்ன நிபந்தனை எழுதியிருக்கிறது என்று பாருங்கள். குறிப்பிட்ட நாட்களுக்கு மேல் வெறுமையாகக் கிடந்தால் இழப்பீட்டை மட்டுப்படுத்தும் வாசகம் பல பத்திரங்களில் உண்டு.

## வழி 2: மாதக் கூலிக்கு வாராவாரம் வந்துபோகும் ஆள்

அவர் அங்கே படுப்பதில்லை. வேலை முடித்துப் படலையைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். இந்த ஒரு வேறுபாட்டுக்காகவே மற்ற வழிகளைவிட இதை மேலே வைக்கிறேன்.

வாரத்துக்கு ஒரு முற்பகல் போதும். கதவு ஜன்னல் எல்லாம் திறந்து காற்றாட விடுவது, எல்லாக் குழாய்களையும் ஓடவிட்டு மலசலகூடத்துக்குத் தண்ணீர் அடிப்பது, நிலைகளையும் அலுமாரிப் பின்புறத்தையும் கறையானுக்காகப் பார்ப்பது, தண்ணீர் தேங்கிய பாத்திரங்களைக் கவிழ்ப்பது, சருகு கூட்டுவது. மாதம் ஒருமுறை புல் வெட்டி, கிணறு இறைக்க வேண்டும். மாரிக்கு முன் பீலியில் அடைந்த வேப்பஞ்சருகை அள்ளி, ஓடு திருத்த வேண்டும். கட்டாக்காலி மாடுகள் வேலியைத் தள்ளிக்கொண்டு வராதபடி பார்ப்பதும் இதில் சேரும். பம்பியைக் கழற்றாமல் விட்டிருந்தால் அதையும் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

வேலை நடந்ததா என்பதை எப்படி அறிவது? தூரத்தில் இருப்பவர் "படம் அனுப்புங்கள்" என்று மட்டும் சொன்னால் பழைய படமே திரும்பத் திரும்ப வரக்கூடும். படலையில் தொடங்கி மின்மானியின் இலக்கத்தைக் காட்டி, கடைசி அறைவரை வெட்டாமல் எடுத்த ஒரே காணொளியைக் கேளுங்கள். மூன்று நிமிடம் போதும். வங்கிக் கிளைகளுக்கும் இதுவே வசதி. கோப்பில் வைக்க ஆதாரம் கிடைக்கிறது.

கூலியைக் காசாகவே கொடுங்கள். "சம்பளம் வேண்டாம், தேங்காயைப் பறித்துக்கொள்கிறேன்" என்று நல்ல மனதோடு சொல்பவர்கள் இங்கே நிறைய. ஆனால் காணி வழக்குகளில் "இத்தனை வருடமாக நான்தான் தேங்காய் பறித்து வந்தேன்" என்பது ஆட்சிக்குச் சான்றாக வைக்கப்படும் வழக்கமான வாதம். விளைச்சலை அவருக்கே கொடுக்க விரும்பினால் கொடுங்கள். மாதக் கூலி தனி, தேங்காய் உங்கள் அனுமதியோடு என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டுக் கொடுங்கள்.

இந்த வழியின் பலவீனம் இரவு. வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில், அயல் வீடு கூப்பிடு தூரத்தில் இல்லாத வளவுகளில், வாரத்துக்கு ஒருமுறை வருபவரால் காவல் காக்க முடியாது. மழைக்காலத்தில் ஆற்றுத் தண்ணீர் ஏறினால், வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தை வெட்டி, தண்ணீர் வடியும்வரை அவரால் வந்துசேரவும் முடியாமல் போகலாம்.

## வழி 3: ஒரு குடும்பத்தைச் சும்மா குடியிருத்துவது

முதல் பார்வைக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. விளக்கு எரிகிறது, அடுப்புப் புகைகிறது, முற்றம் கூட்டப்படுகிறது. கறையானும் வௌவாலும் அண்டுவதில்லை. ஒழுக்கு விழுந்த அன்றே செய்தி வருகிறது. வீட்டின் உடம்புக்கு ஆள் புழக்கத்தைப் போல மருந்தில்லை என்பதை மறுக்க மாட்டேன்.

சிக்கல், அவர்கள் எழும்ப வேண்டிய நாளில் வரும். 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைச் சட்டப்படி உரிமையாளரின் உரிமையை ஏற்காமல் பத்து வருடம் எதிரிடையாக ஆண்டவர் உரித்துக் கோரலாம் என்பது எல்லோருக்கும் தெரியும். "நமக்கு ஒரு வருடம்தானே, பத்து வருடம் எங்கே" என்று அதனாலேயே ஆறுதலடைகிறார்கள். உண்மையில், அனுமதியோடு உள்ளே வந்தவர் பத்து வருடம் இருந்தாலும் அந்த வாதத்தில் வெல்வது எளிதல்ல. ஆனால் விற்பனையைக் கெடுக்க அவர் வெல்ல வேண்டியதில்லை, எழும்பாமல் இருந்தாலே போதும்.

பொறுமையிழந்து சாமான்களை வெளியே எடுத்து வைத்தால் அவர் பொலிஸுக்குப் போவார். விடயம் 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவின் கீழ் வரும். அங்கே யாருடைய உறுதி (காணிப் பத்திரம்) செல்லும் என்று பார்ப்பதில்லை. யார் குடியிருந்தார் என்று பார்க்கிறார்கள். முறைப்பாட்டுக்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் பலவந்தமாக வெளியேற்றப்பட்டவரை மீண்டும் உள்ளே அமர்த்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. உங்கள் உறுதியோடு நீங்கள் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போய் வழக்குப் பேச வேண்டும். அதுவரை வாங்குபவர் காத்திருப்பாரா?

வேறு சிறு சிக்கல்களும் உண்டு. நல்ல பாடசாலைக்கு அருகில் வீடு என்றால், அந்த விலாசத்தில் வாக்காளர் இடாப்பில் பதியவும் மின்பட்டியலைத் தம் பெயருக்கு மாற்றவும் ஆசை வரும்; முதலாம் ஆண்டு அனுமதிக்கு அந்தத் தாள்கள் தேவைப்படுகின்றன. பிள்ளைக்காகக் கேட்பதை மறுக்க மனம் வராது, ஆனால் மறுக்கத்தான் வேண்டும். படுவான்கரையில் நெல்மூட்டை அடுக்க அறையைக் கேட்பார்கள். நெல் மணத்துக்கு யானை சுவரையே தள்ளும்.

இருந்தும் இந்த வழிதான் சரியாகும் இடங்கள் இருக்கின்றன: ஒதுக்குப்புற வளவு, விற்பனை ஒரு மாரியைத் தாண்டும் என்ற நிலை, நீங்கள் வெளிநாட்டில். அப்படியானால் சும்மா விடாதீர்கள். அவரைப் பராமரிப்பாளர் என்று குறிப்பிட்டு, மாதச் சம்பளம் கொடுத்து, உங்கள் அனுமதியோடு மட்டும் தங்குகிறார், கேட்ட திகதியில் எழும்புவார் என்று சட்டத்தரணி மூலம் எழுதிக்கொள்ளுங்கள். முழு வீட்டையும் கொடுக்காமல் பின்னறையையும் குசினியையும் மட்டும் கொடுப்பது இன்னும் நல்லது. சொந்தமாக வேறு வீடுள்ள ஒருவரைத் தேடிப் பிடித்தால் பாதிச் சிக்கல் வராது. போக இடமில்லாதவரை எழும்பச் சொல்வதுதான் எல்லோருக்கும் கொடுமை.

## வழி 4: விலைப்படும் வரை வாடகைக்கு விடுவது

வாடகை கேட்கும் ஆட்களுக்குக் குறைவில்லை. வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் பல்கலைக்கழகங்கள், மட்டக்களப்பில் போதனா வைத்தியசாலை, இடமாற்றத்தில் வரும் அலுவலர்கள். வரவும் வரும், வீடும் திருத்தமாக இருக்கும்.

ஆனால் நமது நாட்டில் நிலவும் ரோம-டச்சுச் சட்ட மரபின்படி குத்தகை விற்பனையை முந்தி நிற்கும். வாங்குபவர் வாடகைக்காரரோடு சேர்த்தே வீட்டை ஏற்க நேரும். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட வேண்டும். தவணை முடிந்தும் எழும்பாதவரிடமிருந்து விரைவான முறையில் உடைமையை மீட்க 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் வழி செய்கிறது. அந்த வசதிக்கு முறையான எழுத்து வேண்டும். வாய்ப்பேச்சில் விட்டவருக்கு அது கைகொடுக்காது.

பலர் மறக்கும் இன்னொரு செலவு முற்பணம். பல மாத வாடகையை முன்கூட்டியே வாங்கிச் செலவழித்துவிட்டால், வாங்குபவர் வந்து நிற்கும் நாளில் அதைத் திருப்பிக் கொடுக்கக் காசு இருக்காது. வாடகைக்காரரும் நியாயமாகவே எழும்ப மாட்டார். தவிர, சமையல் நடக்கும் வீட்டை ஞாயிற்றுக்கிழமைகளில் வரிசையாக ஆட்களுக்குக் காட்ட எந்தக் குடும்பம் விரும்பும்? சந்தை மந்தமாகி, ஒரு வருடத்துக்கு விற்பனை நடக்காது என்று உறுதியானால் மட்டும் இதைப் பாருங்கள்.

## ஏலத்தில் வீட்டை இழந்த பழைய வீட்டுக்காரரையே இருக்க விட்டால்?

இதை வங்கிகள் கேட்பதில்லை. ஊரில் உள்ளவர்கள் கேட்கிறார்கள். கிழக்கில் வீடு பெரும்பாலும் மகளுக்குச் சீதனமாகப் போவது. புருஷன் எடுத்த கடனுக்கு ஏலம் போனது பல வேளைகளில் மனைவியின் தாய்வீடாக இருக்கும். இரு பக்கமும் அவருடைய சகோதரிகளின் வளவுகள். அந்த அயலுக்குள் அந்நியர் ஒருவரைக் காவலுக்கு வைத்தால் கிணற்றில் கூடத் தண்ணீர் கிடைக்காது. பகையோடு எழும்பாமல், மரியாதையாகப் பேசி எழும்பிய குடும்பமென்றால், அயலில் உள்ள அவர்களுடைய உறவினர் ஒருவரையே இரண்டாவது வழியில் சொன்ன வாராந்த வேலைக்கு அமர்த்தலாம். வீட்டுக்குள் திரும்பக் குடியேற்றுவது மட்டும் வேண்டாம். பெற்ற உடைமையை நீங்களே கைவிட்டதாகிவிடும்.

## ஒரே பார்வையில்

| | பூட்டி வைத்தல் | வாராந்த ஆள் | குடியிருத்தல் | வாடகை |
|---|---|---|---|---|
| காலியாக ஒப்படைத்தல் | சிக்கலில்லை | சிக்கலில்லை | பெரும் ஆபத்து | தவணைக்குக் கட்டுப்பட்டது |
| மாரிமழை | தாங்காது | பரவாயில்லை | நன்று | நன்று |
| பார்க்க வருபவருக்கு | நாற்றம், தூசி | நன்று | சாமான் நெருக்கம் | காட்டுவதே கடினம் |
| கைச்செலவு | மிகக் குறைவு | மாதக் கூலி | குறைவு போலத் தெரியும் | வரவு உண்டு |
| மறைந்த செலவு | கறையான், பம்பி, டெங்கு வழக்கு | மேற்பார்வை | நீதிமன்றம் | முற்பணம், விற்பனைத் தாமதம் |
| பொருந்தும் காலம் | 2–3 மாதம், கோடை | ஒரு வருடம் வரை | ஒதுக்குப்புறம், மாரி தாண்டினால் | ஒரு வருடத்துக்கு மேல் |

எந்த வழியானாலும் உள்ளூராட்சி சபைக்குக் கட்டும் சோலைவரி உங்கள் தலையில்தான். முழு வருடத்துக்கும் ஜனவரி 31க்குள் கட்டினால் பத்து வீதக் கழிவு உண்டு. பழைய உரிமையாளர் விட்ட நிலுவையையும் அப்போதே விசாரித்துவிடுங்கள்.

படலைக்குத் தகரம் அடித்து, ஜன்னலுக்குப் பலகை அடித்து மறைக்கும் பழக்கம் ஒன்று பரவிவருகிறது. அமெரிக்காவில் 2008 நெருக்கடியின்போது வங்கிகள் எடுத்த வீடுகளுக்கு ஒட்டுப்பலகை அடித்துப் பார்த்தார்கள். அது வீடு வெறுமை என்று தெருவுக்கே அறிவித்து, அயல் வீடுகளின் விலையையும் இழுத்தது. ஓஹையோ மாநிலம் 2017இல் கைவிடப்பட்ட ஈட்டு வீடுகளுக்கு ஒட்டுப்பலகை அடிப்பதையே சட்டத்தால் தடுத்தது. பலகைக் காசில் ஜன்னலுக்குத் திரை வாங்கிப் போடுங்கள்.

## எப்போது வழியை மாற்றுவது?

ஒருமுறை தெரிவுசெய்த வழியிலேயே கடைசிவரை போக வேண்டியதில்லை. பெப்ரவரியில் வீடு கைக்கு வந்தால் வாராந்த ஆளோடு தொடங்குங்கள். செப்டெம்பர் நடுப்பகுதியில் நிலைமையைப் பாருங்கள்: விலை பேசி முடிந்திருந்தால் அப்படியே விடலாம். முடியவில்லையென்றால் ஓடு, பீலி, வாய்க்கால் எல்லாவற்றையும் ஒக்டோபருக்குள் திருத்தி, வாரத்துக்கு இருமுறை வரச் சொல்லுங்கள், அல்லது விலையைக் குறையுங்கள். மாரி முழுவதும் ஒழுகிய வீட்டை ஜனவரியில் காட்டும்போது குறையும் விலையை நினைத்தால், செப்டெம்பரில் நீங்களாகக் குறைப்பது சிறிய தொகையாகவே இருக்கும்.

விலை பேசி முடிந்து முற்பணம் வாங்கியபின் ஒரு சந்து இருக்கிறது. வாங்குபவர் வெளிநாட்டிலிருந்து வர மூன்று மாதம் ஆகலாம். விற்பவர் "இனி அவருடைய வீடு" என்று கூலியாளை நிறுத்திவிடுவார். வாங்குபவரோ உறுதி முடியும்வரை அது விற்பவர் பாடு என்றிருப்பார். உறுதி எழுதும் நாள்வரை பராமரிப்பும் மின்பட்டியலும் யாருடைய பொறுப்பு என்பதை விற்பனை உடன்படிக்கையிலேயே எழுதுங்கள். "கொஞ்சம் பெயின்ட் அடிக்கத் தொடங்குகிறோம்" என்று முன்கூட்டியே சாவி கேட்டால் கொடுக்க வேண்டாம். வேலையாட்கள் வரும் நாட்களில் உங்கள் வாராந்த ஆளை அனுப்பித் திறந்து, மாலையில் பூட்டச் சொல்லுங்கள்.